கார்பைடு கோட்டிங் போட்ட ஸ்லீவ் ஏன் உரிந்தது?

கேள்வி: தூத்துக்குடிக்குப் பக்கத்தில் ஓர் உப்பு வாஷரியில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசராக இருக்கிறேன். உப்பைக் கழுவும் செறிந்த உப்புநீரைச் சுற்றவிடும் பம்புகள் எங்களிடம் உண்டு. ஷாஃப்ட் ஸ்லீவ் (பம்பின் சுழல்தண்டுமேல் மாட்டும் குழாய் உறை) எல்லாம் ஈ.என்.8 இரும்பு, அதாவது சாதா கார்பன் எஃகு. முன்பு ஹார்டு குரோம் போட்டு ஓட்டினோம். மணலும் உப்புக் கல்லும் உரசி, கிளாண்ட் கயிறு (நீர் ஒழுகாமல் ஸ்லீவைச் சுற்றி அடைக்கும் கயிறு) உட்காரும் இடம் ஒரே சீசனில் பள்ளம் விழுந்துவிடும். போன வருஷம் ஒரு கோட்டிங் கம்பெனி சொன்னபடி, பழைய ஸ்லீவ்களையே லேத்தில் கடைந்து டங்ஸ்டன் கார்பைடு போட்டு வாங்கினோம். மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை ஒரு கோடுகூட விழவில்லை. மழைக்காலத்தில் பம்பை நிறுத்தினோம். ஜனவரியில் பிரித்தால் அங்கங்கே பழுப்புத் துரு, துவரம்பருப்பு அளவில் கொப்புளம், ஓரத்தில் சில்லு சில்லாக உரிந்திருக்கிறது. "கார்பைடு துருவே பிடிக்காது, விமானச் சக்கரக் காலுக்கே இதைத்தான் போடுகிறார்கள்" என்று சொல்லித்தான் விற்றார்கள். ரிப்போர்ட்டில் கோபால்ட் 12 சதவீதம், கனம் 250 மைக்ரான், கடினம் 1150 விக்கர்ஸ், சால்ட் ஸ்ப்ரே (உப்புநீர் தெளித்துப் பார்க்கும் துருச் சோதனை) பாஸ் என்று இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா? கனத்தைக் கூட்டச் சொல்லலாமா? குரோமியம் கார்பைடுக்கு மாறலாமா, இல்லை பழையபடி ஹார்டு குரோமுக்கே போய்விடலாமா?

பதில்:

ஏமாற்றியதாகத் தெரியவில்லை. ரிப்போர்ட்டில் எழுதிய சரக்கைத்தான் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஏழு மாதம் மணலில் உரசியும் கோடு விழவில்லை என்று நீங்களே எழுதுகிறீர்கள். டங்ஸ்டன் கார்பைடை வாங்குவது அந்த வேலைக்குத்தான். விற்றவர்கள் இன்னொரு வேலையையும் அதன் தலையில் ஏற்றிவிட்டார்கள்: அடியில் இருக்கும் சாதா இரும்பைத் துருவிலிருந்து காப்பது. அது தனியாகச் செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடு. உங்கள் ஸ்லீவில் யாரும் அதைச் செய்யவில்லை.

முதலில் நிறத்தைப் பாருங்கள். உங்கள் கோட்டிங்கில் இருப்பது டங்ஸ்டன், கார்பன், கோபால்ட். இரும்பு கிடையாது. அப்படியானால் பழுப்புத் துரு எங்கிருந்து வந்தது? இரண்டு வழிதான் உண்டு. பம்பின் வார்ப்பிரும்பு உடம்பில் கிளம்பிய துரு மேலே வந்து படிந்திருக்கலாம். அப்படியென்றால் அழுத்தித் தேய்த்தால் போய்விடும், அடியில் கோட்டிங் பழைய மினுக்கோடு இருக்கும். தேய்த்துக் கழுவி, ஒரு ராத்திரி ஈரத்துணி சுற்றி வைத்த பிறகு அதே புள்ளியில் மறுபடியும் பழுப்பு ஊறினால், அது ஸ்லீவின் இரும்பே விடும் துரு. கொப்புளம் இருப்பதால் உங்களுடையது இரண்டாவது வகை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒரு கொப்புளத்தைக் கத்தி முனையால் நெம்பிப் பாருங்கள். மேல் சில்லு கிட்டத்தட்ட முழுக் கனத்தோடு கையில் வரும். அதன் அடிப்பக்கம் கறுப்பும் பழுப்புமாகத் துருப்பொடி ஒட்டியிருக்கும். அதாவது கோட்டிங் தேயவுமில்லை, கரைந்து மெலியவுமில்லை. கீழே இரும்பு துருவாயிற்று. துருவுக்கு இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் வேண்டும், அதனால் மேலே இருந்த தோலைத் தூக்கிவிட்டது.

இது ஏன் என்று புரிந்துகொண்டால் அடுத்த ஆர்டரில் யாரும் உங்களைக் குழப்ப முடியாது. துத்தநாகம் பூசிய தகட்டில் கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காக்கும். கார்பைடு கோட்டிங்கில் இது தலைகீழ். உப்புநீரில் அது இரும்பைவிட மின்வேதியியல்படி மேல்சாதிச் சரக்கு. இரண்டும் ஒரே நீரில் தொட்டுக்கொண்டு இருந்தால் கரைவது இரும்புதான். கோட்டிங்கில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளை வழியாக உப்புநீர் அடிவரை போய்விட்டது என்று வையுங்கள். உள்ளங்கை அகலக் கோட்டிங் முழுவதும் ஒரு பக்கம், ஊசிமுனை அளவு இரும்பு மறுபக்கம். இப்படி ஒரு பாட்டரி உருவானால் அந்தச் சின்னப் புள்ளியில்தான் அரிப்பு முழுவதும் குவியும். கோட்டிங்கே போடாத ஸ்லீவ் பரவலாகத் துருப்பிடித்து மெல்ல மெலியும். நல்ல கோட்டிங்கில் ஒரு கெட்ட துளை இருந்தால் அந்த இடம் வேகமாகக் குழியும்.

துளை இருக்குமா என்று கேட்பீர்கள். உங்களுக்குப் போட்டது எச்.வி.ஓ.எஃப். முறையாகத்தான் இருக்கும்: மண்ணெண்ணெய் அல்லது வாயு எரிபொருளை ஆக்சிஜனோடு எரித்து, அந்தச் சுவாலையில் கார்பைடு பொடியை நொடிக்கு 600 மீட்டருக்கும் மேலான வேகத்தில் ஸ்லீவ்மேல் அறைவது. ஒவ்வொரு துகளும் பாதி இளகிய நிலையில் வந்து தட்டையாக ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் அடுத்தது, அதன்மேல் இன்னொன்று. நன்றாகச் செய்தால் உள்ளே இருக்கும் காலி இடம் 1 சதவீதத்துக்கும் குறைவு. பழைய பிளாஸ்மா ஸ்ப்ரேயோடு பார்த்தால் இது பிரமாதம். ஆனாலும் இது உருக்கி ஊற்றிய தோல் இல்லை, அடுக்கிய தோல். துகளுக்குத் துகள் இடையில் வளைந்து வளைந்து போகும் இடுக்கு எங்கேயாவது ஒன்று அடிவரை போயிருக்கும். கிரைண்டிங்கில் கூலன்ட் குறைந்து சூடு ஏறியிருந்தால் நுண்விரிசலும் சேர்ந்துகொள்ளும்.

அடுத்தது அந்த 12 சதவீதக் கோபால்ட். கார்பைடுத் துகள்கள் தாமாக ஒன்றோடொன்று ஒட்டாது, அவற்றைப் பிடித்துவைப்பது கோபால்ட்தான். கோவில்பட்டி கடலைமிட்டாயைத் தண்ணீரில் போட்டால் கடலைக்கு ஒன்றும் ஆகாது, பாகு கரைந்து கடலை ஒவ்வொன்றாக உதிரும். கார்பைடு கோட்டிங் கெடுவதும் பெரும்பாலும் அப்படித்தான். நடுநிலையான உப்புநீரிலும், அதைவிட அமிலத்திலும், கோபால்ட் கரைகிறது. கார்பைடு பக்கத்திலேயே இருப்பது அந்தக் கரைதலை இன்னும் தூண்டுகிறது. உங்கள் ஸ்லீவில் உரியாத பகுதியை நகத்தால் வருடிப் பாருங்கள். புதிதில் இருந்த வழவழப்பு போய், மங்கிய சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருந்தால் பைண்டர், அதாவது பிடித்துவைக்கும் கோபால்ட், கரைய ஆரம்பித்துவிட்டது. அப்படி ஆன பரப்பு கிளாண்ட் கயிற்றை அரம் போட்டு அறுத்துவிடும். கயிறு அடிக்கடி மாற்ற வேண்டி வந்ததா என்று ஸ்டோர் ரெஜிஸ்டரைப் பாருங்கள்.

இதற்கு மருந்து குரோமியம். 86 பங்கு டங்ஸ்டன் கார்பைடு, 10 பங்கு கோபால்ட், 4 பங்கு குரோமியம் என்று ஒரு பொடி வெகுநாளாகச் சந்தையில் இருக்கிறது. 10-4 என்று சொன்னாலே கோட்டிங் போடுபவர்களுக்குப் புரியும். 4 சதவீதத்தில் என்ன ஆகிவிடப்போகிறது என்று தோன்றலாம். ஆனால் அது சேருவது மொத்தத்தில் இல்லை, பைண்டரில். 14 பங்கு பைண்டரில் 4 பங்கு என்றால் கால்வாசிக்கும் மேல். அதில் ஒரு பகுதி கார்பைடோடு சேர்ந்துகொண்டாலும், மிச்சம் இருப்பது பைண்டரின் மேல் ஒரு மெல்லிய ஆக்சைடு தோலை உண்டாக்கப் போதும். எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பதும் இதே குரோமியம் ஆக்சைடு தோலால்தான். உப்புநீர் வேலைக்கு வெறும் கோபால்ட் 12-ஐப் போட்டதுதான் கோட்டிங் கம்பெனியின் மேல் நான் சொல்லும் ஒரே குற்றம். அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 10-4 பொடியும் உப்பிலுள்ள குளோரைடுக்குச் சாகாவரம் பெற்றது இல்லை. துகளுக்கும் பைண்டருக்கும் நடுவிலுள்ள கோட்டில் அதுவும் மெல்ல அரிக்கும். ஆனால் வேகம் வெகுவாகக் குறையும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. பம்புக்குள் படிந்ததை நீக்க ஹைட்ரோகுளோரிக் ஆசிட் சுற்றவிடும் பழக்கம் சில ஆலைகளில் உண்டு. உங்கள் ஆலையிலும் இருந்தால் ஸ்லீவைக் கழற்றாமல் செய்யாதீர்கள், கோபால்ட்டுக்கு அதைவிடக் கெடுதல் இல்லை. காரத்தன்மையுள்ள நீரில் கதை வேறு. அங்கே கோபால்ட் தோல் கட்டிக்கொண்டு நிற்கும், டங்ஸ்டன் கார்பைடு கரையத் தொடங்கும். கெட்டுப்போன கார்பைடு கோட்டிங்கைப் பட்டறையில் கழற்றுவதே இந்தக் குணத்தை வைத்துத்தான்: சலவைச் சோடா கலந்த காரக் கரைசலில் முக்கி, மின்சாரம் பாய்ச்சுவார்கள். அடி இரும்புக்குச் சேதமில்லாமல் கோட்டிங் மட்டும் போய்விடும்.

இதுவரை சொன்னதெல்லாம் பொதுவான விஷயம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது ஒரு சின்ன வரி: "பழைய ஸ்லீவ்களையே கடைந்து". பல வருஷம் உப்புநீரில் கிடந்த ஈ.என்.8 ஸ்லீவில் ஊசிக்குழிகள் இருந்தே தீரும். அந்தக் குழிக்குள் துருவோடு சேர்ந்து குளோரைடு ஒளிந்திருக்கும். லேத்தில் கால் மில்லி எடுத்தால் பரப்பு வெள்ளையாகத் தெரியும், ஆனால் ஆழமான குழியின் அடி அப்படியே மிஞ்சும். பிறகு அலுமினா மணலால் பிளாஸ்ட் செய்யும்போது குழியின் வாய் நசுங்கி மூடிக்கொள்ளும். அதன்மேல் கோட்டிங். இப்போது உப்பு உள்ளேயே இருக்கிறது, வெளியிலிருந்து வர வேண்டியது ஈரம் மட்டும். உங்கள் கொப்புளங்கள் பரவலாக இல்லாமல் அங்கங்கே புள்ளி புள்ளியாக வந்திருப்பது இதோடு பொருந்துகிறது. உரிந்த கொப்புளத்துக்குக் கீழே ஸ்லீவை ஒரு பூதக்கண்ணாடியால் பாருங்கள். கிண்ணம் போல் அகலமான குழியாக இருந்தால் இந்தச் சீசனில் விழுந்தது. குறுகலாக, ஆழமாக, விளிம்பு மழுங்கியிருந்தால் பழைய குழி என்று சந்தேகப்படலாம். பழைய ஸ்லீவில்தான் போட வேண்டும் என்ற கட்டாயம் எப்போதாவது வந்தால், குழி முழுவதும் போகும்வரை கடைந்து, நல்ல தண்ணீரில் கொதிக்கவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவி, அடுப்பில் உலர்த்தி, ஒரு நாள் ஈரக் காற்றில் வைத்துத் துரு எங்கே பூக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பிளாஸ்டிங்குக்கு அனுப்ப வேண்டும். பிளாஸ்ட் செய்த பிறகு வைத்திருக்கவும் கூடாது. கடற்கரைக் காற்றில் வெறும் இரும்பு கொஞ்ச நேரத்திலேயே மங்கிவிடும்.

அப்புறம் மழைக்காலம். சீசன் முழுக்க ஓடியபோது வராத கேடு, பம்பு சும்மா நின்றபோது வந்ததே என்று ஆச்சரியப்பட வேண்டாம். அதுதான் இயல்பு. உப்பு படியும் அளவுக்கு, அதாவது செறிவை அளக்கும் போமே கணக்கில் 25 டிகிரிக்கு ஏறிய நீரில் ஆக்சிஜன் கரைவது நல்ல தண்ணீரைவிட வெகு குறைவு. இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜன் வேண்டும். அதனால் வாஷரியின் முற்றிய நீரைவிடச் சாதாரணக் கடல்நீர்தான் இரும்பை வேகமாகத் தின்னும். பம்பு ஓடும்வரை ஸ்லீவ் முற்றிய நீரில் முழுகியிருந்தது. அக்டோபரில் நிறுத்தியதும் நீர் வடிந்து, கிளாண்டுக்குள் ஈரக் கயிறு மட்டும் ஸ்லீவைச் சுற்றிக்கொண்டு நின்றது. மழை ஈரத்தில் உப்பு இளகி நீர்த்துப்போகும், வெயிலடித்தால் காயும், மறுபடி இளகும். மெல்லிய ஈரப்படலம், வேண்டிய மட்டும் காற்று, வேண்டிய மட்டும் உப்பு. துருவுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. மூன்று மாதம் அது தன் வேலையைப் பார்த்திருக்கிறது.

கயிறு என்ன ரகம் என்று நீங்கள் எழுதவில்லை. கிராபைட் பூசிய கயிறு என்றால் அதையும் மாற்றுங்கள். கிராபைட் மின்சாரம் கடத்தும், உப்புநீரில் கிட்டத்தட்ட எல்லா உலோகங்களையும்விட மேலானது. நின்றுபோன பம்பில் ஸ்லீவைச் சுற்றி ஈரமான கிராபைட் இருந்தால் இன்னொரு பாட்டரியை நாமே கட்டிவைத்த மாதிரி. எவர்சில்வர் ஷாஃப்ட்டையே இப்படிக் குழி விழுந்து பார்த்திருக்கிறேன். டெஃப்லான் கயிறு, அராமிட் கயிறு எதுவானாலும் சரி, கிராபைட் இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள்.

சால்ட் ஸ்ப்ரே ரிப்போர்ட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதைக் காட்டித்தான் எல்லோரையும் மடக்குகிறார்கள். 5 சதவீத உப்புக் கரைசலை 35 டிகிரி செல்சியஸில் பனிபோல் விடாமல் தெளிப்பார்கள். ஒரு சரக்கை அதே வகைச் சரக்கோடு ஒப்பிட, ஒரு தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும் தரம் மாறியதா என்று பார்க்க, நல்ல சோதனை. அதில் இத்தனை மணி நேரம் தாங்கினால் உங்கள் பம்பில் இத்தனை மாதம் தாங்கும் என்று கணக்குப் போட முடியாது. போதாக்குறைக்கு, கூண்டுக்குள் வைப்பது பெரும்பாலும் புதுத் தகட்டில் போட்ட மாதிரித் துண்டு. ஓரங்களை மெழுகோ டேப்போ போட்டு மூடியிருப்பார்கள். அதில் சாவிக்காடி இல்லை, பழைய குழி இல்லை, கயிறு இல்லை, காய்ந்து நனைவது இல்லை. பாஸ் ஆகாமல் என்ன செய்யும்?

விமானக் கதை உண்மைதான். தரையிறங்கும் சக்கரக் கால்களில் ஹார்டு குரோமுக்குப் பதிலாக எச்.வி.ஓ.எஃப். கார்பைடு போட 1990களிலேயே அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரிய முயற்சி நடந்தது. இன்று அது வழக்கமாகிவிட்டது. காரணம் தேய்மானம் மட்டும் இல்லை. ஹார்டு குரோம் தொட்டியிலிருந்து எழும் ஆறு இணைதிற குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது. ஐரோப்பாவில் 2017 செப்டம்பருக்குப் பிறகு அனுமதி பெறாமல் குரோமிக் ஆசிட் தொட்டியே நடத்த முடியாது. ஆனால் விமானத்தில் போடுவது பெரும்பாலும் குரோமியம் சேர்ந்த அந்த 10-4 சரக்கு. அதைக் கழுவித் துடைத்து, கிரீஸ் போட்டு, குறித்த காலத்தில் பிரித்துப் பார்க்கிறார்கள். உங்கள் ஸ்லீவை மூன்று மாதம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இனி உங்கள் கேள்விகள். கனத்தைக் கூட்ட வேண்டாம். ஸ்ப்ரே கோட்டிங்கில் கனம் ஏற ஏற உள்ளுக்குள் விசை தேங்கும், ஓரத்தில் தானே பிளக்கும். உங்களுடையது ஓரத்தில் உரிந்ததில் அந்த 250 மைக்ரானுக்கும் பங்கு இருக்கலாம். கிரைண்டிங் முடிந்து ஒரு பக்கம் 150 முதல் 200 மைக்ரான் நின்றால் போதும்.

குரோமியம் கார்பைடு, அதாவது 75 பங்கு குரோமியம் கார்பைடும் 25 பங்கு நிக்கல்-குரோமும், துருவை எதிர்ப்பதில் கோபால்ட் 12-ஐவிட எத்தனையோ மேல். அதன் நிஜமான ஊர் சூடான இடம். டங்ஸ்டன் கார்பைடு 500 டிகிரி பக்கத்தில் ஆக்சிஜனேறிக் கெட ஆரம்பிக்கும், இது 800 டிகிரியைத் தாண்டியும் நிற்கும். பாய்லர் குழாயில் சாம்பல் அரிக்கும் இடத்தில் போடுவது அதனால்தான். உங்கள் நீர் சாதாரணச் சூட்டில் ஓடுகிறது, கூடவே மணல். கடினத்தில் குரோமியம் கார்பைடு ஒரு படி கீழே, மணல் உரசினால் முதலில் தேயும். உங்கள் வேலைக்கு 10-4 போதும்.

ஹார்டு குரோமுக்குத் திரும்பினால் பழைய பள்ளமும் திரும்பும். ஹார்டு குரோமிலும் நுண்விரிசல் உண்டு, அதுவும் அடி இரும்பைக் காக்காது. முன்பு துருக் கொப்புளம் கண்ணில் படாததற்கு ஒரே காரணம், அது வருவதற்குள் தேய்ந்துபோய் நீங்கள் ஸ்லீவைக் கழற்றிவிட்டதுதான்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் கோட்டிங்கைப் பற்றி யோசிப்பதற்கு முன் அடி உலோகத்தை மாற்றுவேன். ஈ.என்.8-ஐ விடுங்கள். துளை வழியாக உப்புநீர் உள்ளே போகத்தான் போகிறது. போன இடத்தில் சாதா இரும்பு இருக்கிறதா, தாங்கும் உலோகம் இருக்கிறதா என்பதில்தான் ஸ்லீவின் ஆயுள் இருக்கிறது. 316 எவர்சில்வர் குறைந்தபட்சம். கயிற்றுக்கு அடியில் காற்றுப் புகாத இடுக்கில் 316-க்கும் குழி விழும், அதனால் பணம் ஒத்துவந்தால் டூப்ளெக்ஸ் 2205, அதைவிட நன்றாகத் தாங்கும் எவர்சில்வர் ரகம். புது ஸ்லீவின் விலை உறுத்தும், தெரியும். ஆனால் வருஷா வருஷம் பம்பு பிரிக்கும் கூலி, நின்ற நேரம், கோட்டிங் காசு மூன்றையும் ஒரு தாளில் எழுதி முதலாளியிடம் காட்டுங்கள்.

நீரில் மணல் குறைவு, உப்புக் கல் மட்டும்தான் என்றால் கார்பைடே வேண்டாம் என்றுகூடச் சொல்வேன். நிக்கல், குரோமியம், போரான், சிலிக்கான் கலந்த பொடியை 316 மேல் ஸ்ப்ரே செய்து, பிறகு ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாக்கி உருக்கி ஒட்டவைக்கும் முறை இருக்கிறது. பம்பு பட்டறைக்காரர்கள் கோல்மோனாய் என்பது இதைத்தான். உருகி ஒட்டுவதால் துளை வழி அடைபடும், அடி உலோகத்தோடு பிணைந்துவிடும், உரியும் பேச்சே இல்லை. கடினத்தில் கார்பைடுக்குக் கீழேதான், ஆனால் உப்புக் கல்லுக்குத் தாராளம். மணல் எவ்வளவு வருகிறது என்பதைப் பொறுத்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். கீழே படியும் சகதியை ஒரு வாளி எடுத்து, உப்பு கரையும்வரை நல்ல தண்ணீரில் கழுவிப் பாருங்கள், மிஞ்சுவது மணல்.

10-4 போடுவது என்று முடிவானால் ஆர்டரிலேயே சில விஷயங்களை எழுதிக் கொடுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். பொடியின் பெயரும் விகிதமும் வேண்டும். கோட்டிங் போட்ட உடனே, கிரைண்டிங்குக்கு முன், சீலர் தடவ வேண்டும். நீர்போல் மெல்லிய எபாக்ஸியோ, காற்றில்லாத இடுக்கில் இறுகும் ரகமோ எதுவானாலும் சரி. கிரைண்டிங்கில் மேல்தோல் போய்விடும் என்பதால் முடித்த பிறகு இன்னொரு தடவையும் தடவ வேண்டும். கிரைண்டிங் டைமண்ட் வீலில், கூலன்ட் கொட்டக் கொட்ட. ஸ்லீவின் முனையில் கூரான மூலை இருக்கக் கூடாது, வளைத்து மழுக்கி, கோட்டிங் முனையைச் சுற்றி இறங்கியிருக்க வேண்டும். உப்புநீர் நடுவில் துளை தேடுவதைவிட ஓரத்தில் நுழைவது சுலபம். ஸ்லீவோடு கூடவே ஒரு சின்னத் துண்டுக்கும் அதே நாளில், அதே பொடியில் ஸ்ப்ரே செய்து, அதைக் குறுக்கே அறுத்து நுண்ணோக்கியில் எடுத்த படத்தைக் கேளுங்கள். துளை 1 சதவீதத்துக்குக் கீழே, அடிக்கோட்டில் பிளாஸ்டிங் மணல் சிக்காமல் இருக்க வேண்டும். தகராறு வந்தால் பார்க்கச் சொல்ல ஆள் தூரத்தில் இல்லை. காரைக்குடி சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், அரிப்பு விஷயத்தில் பெயர் பெற்ற ஆய்வகம், மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் அதற்கு மையங்கள் உண்டு.

இப்போது கையில் இருக்கும் ஈ.என்.8 ஸ்லீவ்களில் உரியாதவை இருந்தால் தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். சமையல் உப்பும் கொஞ்சம் பொட்டாசியம் பெர்ரிசயனைடும் தண்ணீரில் கரைத்து, அதில் வடிதாளை நனைத்து, எண்ணெய்ப் பசை போகத் துடைத்த ஸ்லீவ்மேல் ஒட்டிச் சில நிமிஷம் வையுங்கள். துளை அடி இரும்புவரை போயிருக்கும் இடமெல்லாம் தாளில் நீலப் புள்ளி விழும். தாளை உரித்துக் காயவைத்தால் ஸ்லீவின் வரைபடமே கையில் இருக்கும், கோட்டிங் கம்பெனிக்காரரிடம் பேசும்போது மேசைமேல் வைக்கலாம். அந்தக் கரைசல் பக்கத்தில் ஆசிட்டைக் கொண்டுவராதீர்கள், விஷ வாயு வரும். முடிந்ததும் ஸ்லீவை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள். 316 ஸ்லீவில் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம், எவர்சில்வர் அவ்வளவு சுலபமாக இரும்பை விட்டுக்கொடுக்காது.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். உரிந்த கோட்டிங்கை உங்கள் பட்டறையிலேயே கை கிரைண்டரில் உலர்வாகத் தேய்க்க விடாதீர்கள். கோபால்ட் கலந்த டங்ஸ்டன் கார்பைடு தூசி நுரையீரலைக் கெடுக்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதைப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும் என்ற பட்டியலில் 2006-லேயே வைத்துவிட்டது. மூக்கில் கட்டும் கைக்குட்டை அதற்குப் பத்தாது.

இந்த அக்டோபரில் பம்பை நிறுத்தும்போது கிளாண்டைத் தளர்த்திக் கயிறு முழுவதையும் உருவி எடுத்துவிடுங்கள். நல்ல தண்ணீரை உள்ளே விட்டு, வெளியே வரும் நீரில் உப்புக் கரிப்பு போகும்வரை ஓடவிடுங்கள். வடித்து, துடைத்து, ஸ்லீவ்மேல் துருத்தடுப்பு எண்ணெய் தடவி வையுங்கள். புதுக் கயிறு ஜனவரியில் போட்டால் போதும்.